ஐந்து பக்கமும் ஏழு நாளும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் '2000 ஏ.டி.' என்ற பிரித்தானிய விஞ்ஞானச் சித்திரக்கதை வார இதழைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு பத்தி எழுதினேன். ஒரே ஒரு பத்தி. வழக்கமாக வீட்டுக் குறிப்பும் சினிமாவும் கேட்கிறவர்கள்கூட இந்த முறை அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். அந்தப் பத்தியைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாக: 1977 பெப்ரவரியில் தொடங்கியது, இன்னும் புதன்தோறும் வருகிறது, ஒவ்வொன்றிலும் பொதுவாக ஐந்து கதை, ஒவ்வொரு கதைக்கும் ஐந்தாறு பக்கம், அநேகமாக எல்லாமே 'தொடரும்'. இதழ் என்று அவர்கள் சொல்வதில்லை, 'புரோக்' என்பார்கள்.

'பிரிங்க்' தொடரை டிஜிட்டலில் வாசிக்கிறேன். வாரக்கணக்காக ஆட்கள் அறைக்குள் இருந்து கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்போதுதான் ஏதாவது நடக்கும்?
வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, நடந்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் சண்டையைத் தேடுகிறீர்கள். டான் அப்னெட் எழுத, ஐ.என்.ஜே. கல்பார்ட் வரைய 2016இல் தொடங்கிய தொடர் அது. பூமி வாழ முடியாமல் போய், மிச்ச மனிதர்கள் எல்லாம் விண்வெளியில் மிதக்கிற வாழிடங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், அவற்றை நடத்துவது அரசாங்கம் இல்லை, கம்பனிகள். பிரிஜெட் கேர்டிஸ் என்ற பாதுகாப்பு அதிகாரி ஏதோ ஒரு சாதாரண விசாரணைக்குப் போகிறாள், அங்கே யாரோ ஒருவர் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான், அந்த வாரம் முடிந்துவிடும். வானமே இல்லாத ஒரு தொடர்மாடியில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே சாகப் போகிறவர்கள் இரகசிய மதக் குழுக்களில் போய் விழுவதில் என்ன அதிசயம் என்று கதை கேட்கிறது. வெள்ளவத்தையில் லிப்ட் வேலை செய்யாத ஏழாம் மாடியில் இரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கேள்வி நன்றாக விளங்குகிறது.

அப்னெட் இங்கே வார இதழின் பழைய சூத்திரத்தைக் கொஞ்சம் கெடுத்துப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். சூத்திரம் தெரிந்ததுதானே: முதல் படத்தில் போன வாரம் விட்ட இடத்தை நினைவுபடுத்த வேண்டும், நடுவில் கதை ஒரு அடி முன்னே போக வேண்டும், கடைசிப் படத்தில் ஆளைத் தொங்கவிட வேண்டும். பிரிங்க்கில் பல வாரம் கடைசிப் படம் ஒரு முகம், அல்லது ஒரு சுவர். துப்பாக்கி இல்லை. ஆனால் அந்தச் சுவர் அடுத்த புதன்வரை மண்டைக்குள் நிற்கும். அப்படி நிற்காவிட்டால் நாலு வாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே இருப்பில் வாசித்துப் பாருங்கள், பிடிக்கலாம். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இதே புரோக்கில் இன்னும் நாலு கதை இருக்கிறதே.

ஜட்ஜ் ட்ரெட்டின் 'எ பெட்டர் வேர்ல்ட்' முடிவு என்ன? என்னிடம் முதல் மூன்று பகுதிதான் இருக்கிறது.
வாசகி, வெள்ளவத்தை

முடிவைச் சொல்லமாட்டேன் தங்கச்சி. ஆனால் மிச்சத்தைத் தேடி வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். 2024 தொடக்கத்தில் ஓடிய கதை, ரொப் வில்லியம்ஸும் ஆதர் வயட்டும் எழுதியது, ஹென்றி பிளின்ட் வரைந்தது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த இதழின் பிரதான நாயகன் ட்ரெட் இருக்கிற மெகா சிட்டி வன் நகரத்தில் பொலிஸும் நீதிபதியும் தண்டிக்கிறவரும் ஒரே ஆள்தான், ஜட்ஜ். இந்தக் கதையில் கணக்குப் பிரிவில் இருக்கிற மெய்ட்லண்ட் என்ற பெண் ஜட்ஜ், துப்பாக்கி தூக்காமல், கணக்குப் புத்தகத்தோடு வருகிறாள். ஜட்ஜுகளுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை எடுத்துப் படிப்புக்கும் மக்கள் நலனுக்கும் போட்டால் குற்றம் குறையும் என்று இலக்கத்தோடு காட்டுகிறாள். நகரத்தின் ஒரு பகுதியில் பரீட்சித்துப் பார்க்க விடுகிறார்கள். குறைகிறது. பிரச்சினையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் குற்றம் குறைந்தால் நட்டப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஐம்பது வருடமாக ஓடுகிற ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கதை செய்யலாம் என்பதே எனக்கு ஆச்சரியம். வேற்றுக்கிரகவாசி இல்லை, அணுகுண்டு இல்லை, வரவுசெலவுத் திட்டம்! பாராளுமன்றத்தில் எந்த அமைச்சுக்கு எவ்வளவு என்று வாசிக்கிற அந்த நவம்பர் வாரத்தில் எடுத்து வாசித்தால் இன்னும் சுவை.

அப்புறம், ட்ரெட்டுக்கு வயது போகுமா என்று நீங்கள் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போகும். 1977இல் கதை 2099இல் தொடங்கியது, நமக்கு ஒரு வருடம் போனால் அங்கேயும் ஒரு வருடம் போகும். ஆள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். தலைக்கவசத்தை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

நாங்கள் சிறுவயதில் வாசித்த இரும்புக்கை மாயாவிக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். விளக்கவும்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்.

மாயாவி நமக்குச் சிவகாசியிலிருந்து வந்தார். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே அவர்தான். 1977இல் இங்கே பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு புறக்கோட்டைக் கடைகளில் அந்தப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கியது எனக்கு நன்றாக ஞாபகம். ஆனால் அவர் பிறந்தது லண்டனில், 1962 ஒக்டோபரில், 'வேலியண்ட்' என்ற வார இதழின் முதல் இதழில். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர், முதலில் எழுதியவர் கென் பல்மர். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும், அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயம். மாயாவி கதைகளில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ஏன் அப்படிப் படபடவென்று ஆபத்து வரும்? பாலத்திலிருந்து விழுவார், அடுத்த பக்கத்தில் தப்புவார், உடனே ரயில் வரும், அதிலிருந்தும் தப்புவார். சின்ன வயதில் அது கதாசிரியரின் உற்சாகம் என்று நினைத்தேன். உற்சாகம் இல்லை ஐயா, தையல். மூலத்தில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர். ஒவ்வொரு ஆபத்துக்கும் நடுவில் லண்டன் பெடியன்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். நாம் அந்த ஏழு நாளையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே புத்தகமாகத் தைத்ததை, காலி வீதி பஸ்ஸில் பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போவதற்குள் வாசித்து முடித்தோம். கதை ஒன்றுதான், ஆனால் நாம் வாசித்த சாமான் வேறு. இப்போது ஒரு பழைய மாயாவி கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், எந்தப் படத்தோடு ஒரு வாரம் முடிந்திருக்கும் என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

தொடர்பு என்று கேட்டீர்கள் அல்லவா. ஒக்ஸ்போர்டில் இருக்கிற ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் கம்பனி 2000ஆம் ஆண்டில் 2000 ஏ.டி.யை வாங்கியது. பிறகு 2016இலும் 2018இலும் வேலியண்ட் முதலான பழைய பிரித்தானிய சித்திரக்கதைகளின் களஞ்சியத்தையும் இரண்டு தவணையாக வாங்கிவிட்டது. ஆகவே மாயாவி, ஸ்பைடர் (அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை), ட்ரெட் எல்லோரும் இன்றைக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2021இல் மாயாவியின் ஆரம்பக் கதைகளை ஆங்கிலத்தில் திரும்பவும் புத்தகமாகப் போட்டார்கள்.

இதழின் ஆசிரியர் வேற்றுக்கிரகவாசி என்று பேரன் சொல்கிறான். பகிடியா?
வாசகி, வத்தளை

பகிடிதான், ஆனால் 1977இலிருந்து முகத்தைச் சுளிக்காமல் சொல்லிவரும் பகிடி. தார்க் என்ற பச்சை நிற ஆள்தான் ஆசிரியராம். பிளாஸ்டிக் நுரையில் செய்த கப்புகளைச் சாப்பிடுவாராம். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அவருடைய ரொபோக்களாம். வாசகர் கடிதங்களுக்கும் அவர்தான் பதில் எழுதுவார், அதிலும் கொஞ்சம் திமிரோடு. (பொறாமையாக இருக்கிறது. நான் அப்படிப் பதில் எழுதினால் அடுத்த இதழில் இந்தப் பக்கம் ராசிபலனுக்குப் போய்விடும்.)

அவர் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தவர் தெரியுமா அம்மா? பீட்டல்ஜூஸ். நம்முடைய திருவாதிரை! மார்கழி விடியற்காலையில் திருவெம்பாவை பாடிக் கும்பிடுகிற அதே நட்சத்திரம். பேரனிடம் சொல்லுங்கள், ஆள் ஒருவகையில் நம்மவர்தான்.

'ஹேலோ ஜோன்ஸ்' ஏன் பாதியில் நிற்கிறது? மூன்றாம் புத்தகத்தை முடித்துவிட்டுத் தவிக்கிறேன்.
பல்கலைக்கழக மாணவி, பம்பலப்பிட்டி

நானும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களைவிடக் கொஞ்சம் கூட நாளாக. அலன் மூர் எழுதி இயன் கிப்சன் வரைந்து 1984 முதல் 1986 வரை மூன்று புத்தகம் வந்தது. மூரின் திட்டத்தில் ஒன்பது. பாத்திரத்தின் உரிமை படைத்தவர்களிடம் இல்லாமல் பதிப்பாளரிடம் இருந்தது, அதில் மூருக்கு மனம் கசந்து எழுதுவதை நிறுத்திவிட்டார். கிப்சன் 2023இல் காலமானார். ஆகவே 'தொடரும்' என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் முதல் புத்தகத்தை ஒருமுறை திரும்பவும் வாசியுங்கள். வெளிவந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை, அந்தக் காலத்துக் கொச்சைச் சொல் ஒன்றையும் விளக்காமல் அப்படியே பேசவிட்டுவிட்டார்கள், அடிதடியும் குறைவு. வேலையில்லாதவர்களை அடைத்துவைக்கிற, கடலில் மிதக்கிற ஒரு வளையம், அங்கிருந்து இரண்டு பெண்கள் சாமான் வாங்கக் கடைக்குப் போய் வருகிறார்கள். அதுதான் கதை. பத்து வாரத்துக்குக் கடைக்குப் போகிற கதையா என்று நானும் ஒருகாலத்தில் சிரித்தேன். 2022இல் ஒரு காஸ் சிலிண்டருக்காக விடிய நாலு மணியிலிருந்து வரிசையில் நின்றபோதுதான், அந்தக் கதை எவ்வளவு உண்மை என்று பட்டது. கடைக்குப் போய்க் கையில் சாமானோடு வீடு வந்து சேர்வது பத்து வாரத் தொடருக்குத் தாராளமாகக் காணும்.

ஆறுதலுக்கு வேண்டுமானால் 'ஹீலியம்' என்ற தொடரைச் சொல்கிறேன். 2015இல் ஆளைத் தொங்கவிட்டு நின்றது. எட்டு வருடம் கழித்து, 2023இல், அதே இயன் எட்ஜிண்டனும் டிஸ்ரேலியும் ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எனக்கு அதற்குள் கண்ணாடியின் பவர் இரண்டு முறை கூடிவிட்டது.

முடிவைத் தெரிந்துகொண்டு வாசித்தால் என்ன குறைந்துவிடும்? தம்பி இணையத்தில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். நல்ல கதையென்றால் எப்படி வாசித்தாலும் நல்லாத்தானே இருக்க வேண்டும்?
வாசகர், மட்டக்குளி

பெரும்பாலும் சரி. ஆனால் சில கதைகள் வார இதழில் மட்டுமே செய்யக்கூடிய வித்தையைச் செய்கின்றன, அவற்றுக்கு இது பொருந்தாது. இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் பழசு என்பதால் முடிச்சை அவிழ்க்கிறேன். வேண்டாமென்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

1989இல் 'த டெட் மேன்' என்று ஒரு புதுத் தொடர் வந்தது. பாலைவனத்தில் உடம்பெல்லாம் எரிந்து, தான் யாரென்றே தெரியாமல் கிடக்கிற ஒரு மனிதன். எழுதியவர் பெயர் வாசகர்கள் கேள்விப்படாத பெயர், படமும் வேறு பாணி, கறுப்பு வெள்ளை. அதே இதழின் இன்னொரு பக்கத்தில் ஜட்ஜ் ட்ரெட் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்காகப் போய் கடைசியில்தான் தெரிகிறது, எரிந்துகிடந்தவரே ட்ரெட்! எழுதியவர் ட்ரெட்டைப் படைத்த ஜோன் வாக்னரேதான், புனைபெயரில். இப்போது அது புத்தகமாக வருகிறபோது அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பாவம்.

2012இல் செய்தது இன்னும் துணிச்சல். மூன்று வேறு எழுத்தாளர்கள், மூன்று வேறு ஓவியர்கள், ஒரே இதழில் மூன்று தனித்தனித் தொடர்கள், மூன்றும் ட்ரெட்டின் உலகத்தில் நடக்கிறவை. ஒரு வாரம் ட்ரெட் கதை முடிகிற இடத்தில் தொடங்கிய விஷயம் பக்கத்தைத் திருப்பினால் அடுத்த கதைக்குள்ளேயே போகிறது. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றும் முதலிலிருந்தே ஒரே கதையாம், ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடைசி வாரத்தில் முழு இதழும் அந்த ஒரு கதைக்கே. பிறகு 'ட்ரைஃபெக்டா' என்று தொகுப்பாகப் போட்டார்கள். தொகுப்பில் வாசித்தால் நல்ல கதை, மறுப்பில்லை. ஆனால் கதைக்கும் கதைக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்ததுதான் அங்கே வித்தை, தொகுப்பில் அந்தச் சுவரே கிடையாது. உங்கள் தம்பி சொல்லிவிட்டால் கெடுவதும் அதுதான்.

எனது பத்து வயது மகனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
தாய், நுகேகொடை

வேண்டாம். 1977இல் சிறுவர் இதழாகத் தொடங்கியது, வாசகர்களோடு சேர்ந்து அதுவும் வளர்ந்துவிட்டது. இரத்தம் தாராளம். இடையில் 'ரீஜென்ட்' என்ற பெயரில் எல்லா வயதினருக்குமான தனி இதழ்கள் சில வந்தன, அவை கிடைத்தால் பயமில்லாமல் கொடுங்கள். மாயாவியையும் கொடுக்கலாம், தமிழும் கொஞ்சம் வரும்.

கொழும்பில் எங்கே கிடைக்கும்?
பலர்

புதிது வேண்டுமென்றால் டிஜிட்டல்தான் லேசு. லண்டன்காரனுக்குக் கிடைக்கிற அதே புதன்கிழமை நமக்கும் கிடைக்கும், பூட்டில்லாத கோப்பாகவே தருகிறார்கள், வாங்கியது உங்களுடையது. பழசு வேண்டுமென்றால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள், கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறையத் தூசி. செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் தொகுப்புகளைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் விலையை முதலில் பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: வருடத்தில் சில தடவை எல்லாக் கதைகளும் முதல் பகுதியிலிருந்து தொடங்குகிற ஒரு புரோக் விடுவார்கள். அதில் ஏறிக்கொள்ளுங்கள். நடுவில் ஓடுகிற பஸ்ஸில் பாய்ந்து ஏறாதீர்கள்.

ஆதர் சி. கிளார்க் இவ்வளவு காலம் கொழும்பில் இருந்தாரே, அவருக்கும் இந்தச் சித்திரக்கதைகளுக்கும் சம்பந்தம் உண்டா?
வாசகர், பொரளை

பொரளைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான், அவர் உறங்குவது உங்கள் கனத்தை மயானத்தில் அல்லவா. சுற்றுவழியாக ஒரு சம்பந்தம் உண்டு. 1950இல் 'ஈகிள்' என்ற இதழில் டான் டேர் என்ற விண்வெளி விமானியின் தொடர் தொடங்கியபோது அதற்கு ஆரம்பகால விஞ்ஞான ஆலோசகராக இருந்தவர் கிளார்க். 1956இல் அவர் இலங்கைக்கு வந்துவிட்டார். 1977இல் 2000 ஏ.டி. தொடங்கியபோது அவர்கள் பெரிதாக நம்பியிருந்தது அந்தப் பழைய டான் டேரை, அவரைப் புதுப்பித்து முதல் இதழிலேயே இறக்கினார்கள். இரண்டாவது இதழில் ட்ரெட் வந்தார், பிறகு நடந்தது தெரிந்ததே. டான் டேரின் தொடர் 1979இல் கதை முடியாமலே நின்றுபோனது.

நீங்கள் ஒரு தொடரின் அடுத்த பகுதிக்காக ஆகக் கூடக் காத்திருந்தது எவ்வளவு காலம்?
வாசகி, கொள்ளுப்பிட்டி

பதினாலு வருடம்.

லண்டனில் இருந்த மாமா பழைய புரோக்குகளைக் கட்டாகக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். வந்து சேர இரண்டு மூன்று மாதம். 1982இல் ஓடிய 'அபொகலிப்ஸ் வோர்' அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. எண்பது கோடிச் சனம் இருந்த மெகா சிட்டியில் பாதிப் பேர் போய்விட்டார்கள், எதிரி நகரத்துக்குள் புகுந்து நிற்கிறான், ட்ரெட் ஒரு சிறு குழுவோடு எதிரியின் ஏவுகணைத் தளத்துக்குப் போகிறார். அந்த இடத்தில் கட்டு முடிந்தது. அடுத்த கட்டு வரும் என்று மாமா எழுதியிருந்தார், 1983 தொடக்கம் முழுக்கத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தபடி இருந்தேன். ஜூலையில் அந்த வீடு போயிற்று, இருந்த கட்டுகளும் அதோடு போயிற்று. வீட்டைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதப்போவதில்லை. அடுத்த கட்டு அந்த விலாசத்துக்கு வந்ததோ இல்லையோ, யாரிடம் போய்க் கேட்பது?

1997இல் மருதானைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் கதையின் தொகுப்பு கிடைத்தது, அட்டை கிழிந்தது. நின்றபடியே கடைசிப் பகுதிக்குத் திருப்பினேன். ட்ரெட் எதிரியின் நகரத்துக்கே குறிவைத்துப் பொத்தானை அழுத்திவிடுகிறார், ஐம்பது கோடிப் பேர். பன்னிரண்டு வயதில் வாசித்திருந்தால் கைதட்டியிருப்பேன். அன்றைக்கு, அந்த வருடத்தில், அந்தத் தெருவில் நின்று வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாத்தயா, வாங்குறீங்களா, இங்கயே முடிக்கிறீங்களா?" என்றார். வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் நாலு பக்கம் இல்லை.